கடற்படை மருத்துவப் பணியாளர்களின் தாய்மார்களுக்கான உதவிச் சேவைகள்: ஒரு தாயின் மதிப்பீடு

அமெரிக்கக் கடற்படையில் ஹாஸ்பிடல் கார்ப்ஸ்மேன் என்னும் மருத்துவப் பணியில் சேர்ந்துள்ள பிள்ளைகளின் தாய்மார்களுக்கு என்னென்ன உதவிகள் கிடைக்கின்றன, அவற்றுள் எவை வேளைக்குக் கைகொடுக்கின்றன, எவை பெயரளவில் நின்றுவிடுகின்றன என்பதை, அந்தச் சேவைகளைப் பயன்படுத்திய ஒரு தாயாக இங்கே மதிப்பிடுகிறேன். அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் படைப்பணி பழக்கமில்லாத ஒன்று. மருத்துவக் கல்லூரிக்கோ பொறியியலுக்கோ பிள்ளை போனால் வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கடற்படைக்குப் போனால் கேட்பதற்குச் சுற்றத்தில் ஒருவரும் இருப்பதில்லை. என் மகள் பயிற்சி முடித்து, ஒரு கடற்படை மருத்துவமனையில் பணியாற்றி, பிறகு மரீன் படையுடன் (கடல்வழி சென்று தரையிலும் போரிடும் தனிப்படை) அனுப்பப்பட்ட காலம் முழுவதும் நான் தேடித் தெரிந்துகொண்டவை அடுத்து வரும் தாய்க்குத் தேடாமலே கிடைக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உதவிகள் உண்மையிலேயே இருக்கின்றன, அவற்றுள் சில மிகச் சிறந்தவை, பெரும்பாலானவை கட்டணமற்றவை. ஆனால் அவை மாலுமியையும் அவருடைய கணவன் அல்லது மனைவியையும் குழந்தைகளையும் மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. மணமாகாத இளம் மாலுமியின் தாய் அந்த அமைப்புக்குள் நுழைய வேண்டுமானால், கதவைப் பிள்ளைதான் உள்ளிருந்து திறந்துவிட வேண்டும். பிள்ளை கப்பல் ஏறுவதற்கு முன் நிரப்பித் தரும் இரண்டு மூன்று படிவங்களைப் பொறுத்தே தாய்க்குக் கிடைக்கும் சேவையின் தரம் அமைகிறது.

பயிற்சிக் காலத்திலிருந்து தொடங்குகிறேன். கடற்படையில் சேரும் சாதாரண நிலை (அதிகாரி அல்லாத) மாலுமிகள் அனைவருக்கும் அடிப்படைப் பயிற்சி இல்லினாய் மாநிலத்தின் கிரேட் லேக்ஸ் தளத்தில்தான் நடக்கிறது. சென்று சேர்ந்ததும் மிகச் சுருக்கமான ஒரு தொலைபேசி அழைப்பு வரும். எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல் இருக்கும். பிள்ளையின் குரல் இறுகியிருக்கும். அதைக் கேட்டுக் கலங்க வேண்டியதில்லை, எல்லாருக்கும் அப்படித்தான் வருகிறது. அதன்பின் பிள்ளையின் அஞ்சல் முகவரி, பிரிவு எண், பட்டமளிப்பு அணிவகுப்பின் நாள் ஆகியவற்றைத் தாங்கிய கடிதம் வரும். இந்தக் கட்டத்தில் பயிற்சித் தளம் பெற்றோருக்குத் தரும் தகவல் தெளிவானது, போதுமானது. எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உணவுப் பொட்டலங்களை அனுப்பக் கூடாது, கடிதங்களை எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம். அணிவகுப்புக்கு வருவோரின் பெயர்களைப் பயிற்சியில் இருக்கும் பிள்ளையே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாதவர் வாயிலிலேயே நிறுத்தப்படுவார். பெரியம்மா, சித்தப்பா என்று குடும்பமே திரண்டு செல்லும் வழக்கமுள்ள நாம் இதை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. அணிவகுப்பை ஒட்டி விடுதி, உடை, புகைப்படம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகுப்பாக விற்கும் தனியார் சிலர் உண்டு. அவர்களுள் ஒருவரிடம் நாங்கள் பணம் கட்டினோம். வாங்கிய எதுவும் தேவைப்படவில்லை. தளத்தின் அதிகாரப்பூர்வ அறிவிப்பைப் படித்துவிட்டு விடுதியை நேரடியாகப் பதிவு செய்வதே போதும்.

அடுத்த கட்டம் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் உள்ள ஃபோர்ட் சாம் ஹூஸ்டன். தரைப்படை, விமானப்படை, கடற்படை ஆகிய மூன்றின் மருத்துவப் பயிற்சிகளும் அங்கே ஒரே வளாகத்தில் நடக்கின்றன. முன்பு கார்ப்ஸ்மேன்களுக்கான பள்ளி கிரேட் லேக்ஸிலேயே இருந்தது. 2011-இல் இங்கே மாற்றப்பட்டது. இந்த மாதங்களில் கைப்பேசி பிள்ளையிடம் இருக்கும், பேச்சும் இயல்பாகிவிடும். பெற்றோருக்கென்று தனிச் சேவை ஏதும் பெரிதாக இல்லை, தேவையும் படுவதில்லை.

தேவைப்படுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். மகள் மருத்துவமனையில் வேலை பார்ப்பாள் என்று எண்ணியிருக்கும் தாய்க்கு, அவளுக்கு மரீன் படையுடன் பணியாற்ற ஆணை வந்திருக்கிறது என்ற செய்தி இடியாக இறங்குகிறது. மரீன் படைக்கென்று தனி மருத்துவப் பணியாளர்கள் கிடையாது. அவர்களுக்கான மருத்துவ உதவி முழுவதையும் கடற்படையே தருகிறது. எனவே கார்ப்ஸ்மேன்களில் ஒரு பகுதியினர் கலிஃபோர்னியாவின் கேம்ப் பெண்டில்டனிலோ வட கரோலினாவின் கேம்ப் லெஜூன் பகுதியிலோ உள்ள களமருத்துவப் பயிற்சிப் பிரிவில் மேலும் சில வாரங்கள் பயின்று, காலாட்படையினருடன் பை சுமந்து நடக்கிறார்கள். மரீன்கள் அவர்களை உரிமையோடு 'டாக்' (டாக்டர் என்பதன் சுருக்கம்) என்று அழைக்கிறார்கள். 1898 ஜூன் 17 அன்று தோற்றுவிக்கப்பட்ட இந்த மருத்துவப் பிரிவு இன்று கடற்படையின் சாதாரண நிலைப் பணிகளுள் ஆள் எண்ணிக்கையில் மிகப் பெரியது. அதன் உறுப்பினர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் பெற்றிருக்கிறார்கள் என்பதே, அவர்கள் மருத்துவமனைச் சுவர்களுக்குள் மட்டும் பணியாற்றுவதில்லை என்பதற்குச் சான்று. இவையெல்லாம் ஒளிவுமறைவான செய்திகள் அல்ல. ஆனால் ஆள்சேர்ப்பின்போது எங்கள் வீட்டில் அமர்ந்து பேசிய அலுவலர் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மருத்துவப் பணியைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளையின் பெற்றோர், கையெழுத்துக்கு முன்பே இந்தக் கேள்வியை வாய்திறந்து கேட்டுவிட வேண்டும்.

இனி சேவைகளுக்கு வருகிறேன். முதலாவது, படைப்பிரிவின் ஆம்பட்ஸ்மன். பிரிவின் கட்டளை அதிகாரியால் நியமிக்கப்பட்டு, பயிற்சி பெற்று, ஊதியமின்றிப் பணியாற்றும் தன்னார்வலர் இவர். பெரும்பாலும் அதே பிரிவில் பணியாற்றும் ஒருவரின் துணைவராக இருப்பார். 1970-இல் கடற்படைத் தலைவராக இருந்த அட்மிரல் எல்மோ ஜூம்வால்ட் தொடங்கிவைத்த ஏற்பாடு இது. கப்பல் திரும்பும் நாள் தள்ளிப்போவது, குடும்பங்களுக்கான கூட்டங்கள், அஞ்சல் முகவரி மாற்றம் போன்ற அதிகாரப்பூர்வச் செய்திகளைக் குடும்பத்தாருக்கு எடுத்துச் சொல்வதும், இன்ன சிக்கலுக்கு இன்னாரை அணுகுங்கள் என்று வழிகாட்டுவதும் இவருடைய வேலை. எங்களுக்கு வாய்த்தவர் பொறுமையானவர். நான் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டபோதும் சலிப்புக் காட்டாதவர். ஆனால் தாயின் பெயரும் மின்னஞ்சலும் தொடர்புப் பட்டியலில் இருக்க வேண்டும் என்று மாலுமி சொல்லியிருந்தால்தான் அவரால் நம்முடன் தொடர்புகொள்ள இயலும். மணமாகாத பிள்ளைகள் பலர் இதைச் செய்யாமலே கிளம்பிவிடுகிறார்கள். மேலும், பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது, உடல்நலம் எப்படி இருக்கிறது, ஏன் பேசவில்லை என்ற கேள்விகளுக்கு ஆம்பட்ஸ்மன் விடை சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. வயது வந்த மாலுமியின் தனியுரிமையைச் சட்டம் காக்கிறது. அதை அன்பின்மை என்று எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் இந்தச் சேவையின் அருமை புரியும்.

இரண்டாவது, அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் அவசரச் செய்திச் சேவை. நான் பயன்படுத்தியவற்றுள் தலைசிறந்தது இதுதான். குடும்பத்தில் மரணம், உயிருக்கு ஆபத்தான நோய், குழந்தைப் பிறப்பு போன்றவை நேரும்போது, பிள்ளை உலகின் எந்த மூலையில் இருந்தாலும், கடலில் இருந்தாலும், செய்தியை அதிகாரப்பூர்வமாகக் கொண்டு சேர்க்கிறார்கள். 1-877-272-7337 என்ற எண் நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் இயங்குகிறது, கட்டணம் இல்லை. பிள்ளையின் முழுப் பெயர், பதவி நிலை, பிறந்த நாள் அல்லது சமூகப் பாதுகாப்பு எண், படைப்பிரிவின் பெயர் ஆகியவற்றையும், நோயாளி இருக்கும் மருத்துவமனையின் தொடர்பு விவரங்களையும் கேட்பார்கள். பிறகு அவர்களே மருத்துவமனையுடன் பேசி, செய்தி உண்மை என்று உறுதி செய்துகொண்டு, பிரிவின் கட்டளை அதிகாரிக்கு அனுப்புகிறார்கள். பிள்ளைக்கு நாமே கைப்பேசியில் சொல்லிவிட முடிந்தாலும், இந்த உறுதிசெய்யப்பட்ட செய்தி போனால் கட்டளை அதிகாரி விடுப்பு குறித்து விரைவாக முடிவெடுக்க முடிகிறது. என் கணவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தபோது நான் அழைத்தேன். மறுமுனையில் பேசியவர் நிதானமாக, ஒவ்வொரு கேள்வியையும் ஏன் கேட்கிறார் என்று விளக்கிக்கொண்டே கேட்டார். மகளுக்குச் செய்தி உடனடியாகப் போய்ச் சேர்ந்தது.

இங்கே நம் குடும்பங்கள் கருத்தில் கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. செஞ்சிலுவைச் சங்கம் செய்தியைக் கொண்டு சேர்க்கும். விடுப்புத் தருவது கட்டளை அதிகாரி மட்டுமே. அவசர விடுப்பு விதிகள் பெற்றோர், துணைவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரை நெருங்கிய உறவாகக் கொள்கின்றன. தாத்தா பாட்டி அந்த வரிசையில் இயல்பாக வருவதில்லை. ஆனால் பெற்றோரின் இடத்தில் இருந்து பிள்ளையை வளர்த்தவர் என்று காட்ட முடிந்தால், அவரையும் பெற்றோருக்கு இணையாகக் கருத விதியில் இடம் உண்டு. பாட்டியின் மடியில் வளர்ந்த பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். அப்படிப்பட்ட வளர்ப்பு இருந்திருந்தால், அதை நெருக்கடி நேரத்தில் சொல்லிப் புரியவைக்க முயலாமல், பிள்ளை முன்கூட்டியே தன் மேலதிகாரியிடம் தெரிவித்து வைத்திருப்பது பெரிய உதவி. பாட்டி வேறு நாட்டில் இருந்தால், சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் பெயரும் மருத்துவமனையின் நேரடித் தொலைபேசி எண்ணும் கையில் இல்லாமல் உறுதிசெய்யும் வேலை இழுத்துக்கொண்டே போகும். விடுப்புக் கிடைத்தும் விமானச் சீட்டுக்குப் பணம் இல்லாத இளம் மாலுமிகளுக்கு, 1904-இல் தொடங்கப்பட்ட கடற்படை–மரீன் படை நிவாரணச் சங்கம் வட்டியில்லாக் கடன் தருகிறது. தங்களிடம் பணம் கேட்கப் பிள்ளை கூச்சப்படும் என்று தெரிந்த பெற்றோர், இந்தச் சங்கத்தின் பெயரையாவது பிள்ளைக்குச் சொல்லி வைக்கலாம்.

மூன்றாவது, படைக் குடும்பங்களுக்காகப் பாதுகாப்புத் துறை நடத்தும் மிலிட்டரி ஒன்சோர்ஸ் என்னும் உதவிச் சேவை. 800-342-9647 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் மனிதக் குரல் பேசும் என்பதே பெரிய ஆறுதல். பிற மொழி பேசுவோருக்காக மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இணைக்கும் வசதியும் உண்டு. ஆங்கிலத்தில் விரைந்து பேசத் தயங்கும் தாய்மார்கள் அழைப்பின் தொடக்கத்திலேயே தங்கள் மொழியைச் சொல்லிக் கேட்கலாம். மாலுமிக்கும் அவருடைய துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் இங்கே இலவச ஆலோசனை அமர்வுகள், வருமானவரி உதவி, பணம் சார்ந்த வழிகாட்டல் எனப் பல கிடைக்கின்றன. தாய்க்குக் கிடைப்பது பெரும்பாலும் தகவலும் வழிகாட்டலும். அந்த அளவில் அவர்கள் திறமையானவர்கள்தான். என்றாலும், நள்ளிரவில் மனம் பதறி அழைக்கும் தாய்க்குத் தேவைப்படுவது தகவல் மட்டும் அல்ல. அந்த இடைவெளியை இந்தச் சேவை நிரப்பவில்லை.

அதை நிரப்பியவர்கள் மற்ற தாய்மார்களே. புளூ ஸ்டார் மதர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்னும் அமைப்பு 1942-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில், போருக்குப் பிள்ளைகளை அனுப்பிய தாய்மார்கள் ஒன்றுகூடித் தொடங்கியது. படையில் பிள்ளை இருக்கும் வீட்டின் சன்னலில் நீல நட்சத்திரம் பொறித்த கொடியைத் தொங்கவிடும் வழக்கம் முதல் உலகப் போர்க் காலத்திலேயே வந்துவிட்டது. அதன் உள்ளூர்க் கிளைகள் கூடிப் பொட்டலங்கள் கட்டி அனுப்புகின்றன, வீடு திரும்புவோரை வரவேற்கின்றன. புடவை அணிந்து முதல்முறை அந்தக் கூட்டத்துக்குப் போனபோது அங்கே நான் ஒருத்திதான் இந்தியத் தாய். அவர்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி மகள் எந்தப் பிரிவில் இருக்கிறாள் என்பதே. அதற்குப் பிறகு நான் அயலாள் என்ற நினைப்பே எனக்கு எழவில்லை. மகன் ஒருவரைக் கார்ப்ஸ்மேனாக அனுப்பி, அவர் பணி முடித்துத் திரும்பியதையும் பார்த்துவிட்ட முதிய தாய் ஒருவர் எனக்குச் சொன்ன அறிவுரை, எந்த அலுவலகக் கையேட்டிலும் நான் காணாதது. "என்ன நடந்தது என்று கேட்காதீர்கள், தூங்கினாயா, சாப்பிட்டாயா, உன்னுடன் இருப்பவர்கள் நல்லவர்களா என்று கேளுங்கள். சொல்ல வேண்டியதை அவளே ஒரு நாள் சொல்வாள்" என்றார். அதன்படியே நடந்தது.

கார்ப்ஸ்மேனின் தாய் என்ற நிலையில் தனியாக அறிய வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். மற்ற மாலுமிகளின் தாய்மார்கள் தம் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று அஞ்சுகிறார்கள். நாமோ அதோடு, நம் பிள்ளை எதையெல்லாம் பார்க்க நேரிடுமோ என்றும் அஞ்ச வேண்டியிருக்கிறது. இருபது வயதைத் தாண்டாத பிள்ளை, தன் அறையில் தங்கும் தோழனுக்கே இரத்தப்போக்கை நிறுத்தக் கட்டுப் போட வேண்டியவனாக இருக்கிறான். நீர்மூழ்கிகளில் மருத்துவர் இருப்பதில்லை. சிறப்புப் பயிற்சி பெற்ற ஒரே ஒரு கார்ப்ஸ்மேன்தான் அத்தனை பேருக்கும் பொறுப்பு. 1942-இல் சீட்ராகன் என்ற நீர்மூழ்கியில், மருத்துவப் பட்டம் பெறாத வீலர் லைப்ஸ் என்னும் மருத்துவ மாலுமி, கப்பல் சமையலறைக் கரண்டிகளை வளைத்துக் கருவியாக்கி, சக மாலுமி ஒருவருக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை செய்து உயிரைக் காத்தார். இந்த நிகழ்ச்சியைப் பெருமையோடு சொல்லுவார்கள், எனக்கும் பெருமைதான். அதே வேளையில் அந்த இளைஞனின் கைகள் மீது வந்து விழுந்த பொறுப்பின் எடையை ஒரு தாயால் நினைக்காமல் இருக்க முடியாது. பெற்றோருக்கென இருக்கும் வழிகாட்டிகளில் அணிவகுப்பு, அஞ்சல், காப்பீடு எல்லாம் விரிவாக இருக்கின்றன. மருத்துவப் பணியாளரின் மனச்சுமையைத் தாய் எப்படி இனங்காண்பது என்பதற்குச் சில வரிகளே உள்ளன. இந்தச் சேவைகள் அனைத்திலும் நான் காணும் பெருங்குறை இது ஒன்றே.

பாதுகாப்பு தொடர்பாகச் சுருக்கமாக. கப்பலின் பெயரோடு புறப்படும் நாளையும் சேருமிடத்தையும் வாட்ஸ்அப் குழுக்களில் பகிரக் கூடாது. உறவினர்கள் ஆர்வத்தில் கேட்டாலும் கூடாது. உங்கள் பிள்ளை காயமடைந்திருக்கிறார், உடனே விவரங்களைச் சொல்லுங்கள் என்று செஞ்சிலுவைச் சங்கத்தின் பெயரில் யாராவது தொலைபேசியில் அழைத்தால் அது மோசடி. சங்கத்தின் பணி வீட்டுச் செய்தியைப் படைவீரருக்குக் கொண்டுசெல்வது. படைவீரர் காயமுற்றால் குடும்பத்துக்குத் தெரிவிக்கும் பொறுப்பு படையினுடையது. அந்தத் தகவல் சரியான முகவரிக்கு வர, பிள்ளை தன் டிடி 93 அவசரத் தகவல் படிவத்தில் பெற்றோரின் இப்போதைய முகவரியை எழுதியிருக்க வேண்டும். வீடு மாறினால் அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

இறுதியாக, பலரும் அறியாத, ஆனால் நான் மிக உயர்வாக மதிக்கும் ஒரு சேவை: கடற்படையின் சாப்ளின்கள். இவர்கள் சமயகுருக்கள் என்பதால் நம் வீட்டுப் பிள்ளைகள் அணுகத் தயங்குகிறார்கள். எந்தச் சமயத்தவரும், சமய நம்பிக்கை இல்லாதவரும் அவர்களிடம் பேசலாம். மாலுமி அவர்களிடம் மனம்விட்டுச் சொல்வது முழு இரகசியமாகக் காக்கப்படும். அவர் இசைவு தராமல் கட்டளை அதிகாரியிடம்கூடச் சாப்ளின் அதை வெளியிட மாட்டார். மருத்துவப் பதிவேட்டில் ஏறிவிடுமோ என்று அஞ்சும் கார்ப்ஸ்மேனுக்கு, அதுவும் அந்தப் பதிவேடுகளைத் தானே எழுதிப் பழகியவனுக்கு, இந்த உறுதி பெரிது. தாயும் சாப்ளினை அழைக்கலாம். என் மகளின் குரலில் ஒரு மாற்றத்தை உணர்ந்த நாளில், அவளுடைய தளத்தின் தொலைபேசி இயக்குநரை அழைத்து, பணியில் இருக்கும் சாப்ளினுடன் பேச வேண்டும் என்றேன். அவர் என்னிடம் மகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நான் சொன்னதை முழுவதும் கேட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் இயல்பாகப் போவதுபோல் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வருவதாகச் சொன்னார். உயிருக்கே ஆபத்து என்று தோன்றும் நிலை என்றால் அதற்கும் காத்திருக்கக் கூடாது. 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் படைவீரர்களுக்கான நெருக்கடி உதவி எண் கிடைக்கும். பிள்ளை மட்டுமின்றி, பிள்ளைக்காகக் கவலைப்படும் தாயும் அதில் பேசலாம்.